இயல் 9: கிட் மென்பொருளின் பாதுகாப்புப் புதுப்பிப்புகள்

நிரல் கோப்புகளில் செய்யப்படும் ஒவ்வொரு மாற்றத்தையும் செய்தவர் பெயரோடும் நேரத்தோடும் பதிந்து வைத்து, வேண்டும்போது பழைய நிலைக்குத் திரும்ப வழிசெய்யும் கருவி பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள் எனப்படும். அவ்வகையில் இன்று பெரிதும் பயன்பாட்டில் இருப்பது, 2005-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கி, அதே ஆண்டிலேயே ஜூனியோ ஹமானோவின் பராமரிப்புக்கு வந்த கிட் ஆகும். முன்பின் அறியாத ஒருவர் இணையத்தில் வைத்திருக்கும் கோப்புகளை இறக்கி, பயனரின் கணினியில் கோப்புறைகளை உருவாக்கி, சில சூழல்களில் வேறு நிரல்களையும் இயக்கக்கூடிய மென்பொருள் இது. ஆயினும் இணைய உலாவியைத் தவறாமல் புதுப்பிப்பவர்கள்கூடக் கிட்டை ஒருமுறை நிறுவியபின் ஆண்டுக்கணக்கில் தொடாமல் விட்டுவிடுகின்றனர்.

புதுப்பிக்க முற்படுவோரிடமும் ஒரு தவறு பரவலாகக் காணப்படுகிறது. ஒரு கணினியில் ஒரே ஒரு கிட் இருப்பதாக அவர்கள் எண்ணிக்கொள்கின்றனர். உண்மையில் இரண்டு, மூன்று நகல்கள் இருப்பது இயல்பு. அவற்றுள் ஒன்றைப் புதுப்பித்துவிட்டு, அன்றாடம் பயன்படுத்தும் மற்றொன்றைப் பழைய நிலையிலேயே விட்டுவைப்பது புதுப்பிக்காமல் இருப்பதற்குச் சமம். ஆகவே இவ்வியலில் நகல்களைத் தேடும் பணி முதலிலும், புதுப்பிக்கும் பணி அதன் பின்னரும் விளக்கப்படுகின்றன.

குறிப்பு: இவ்வியலில் கட்டளைகள் ஒலிப்புப்படி தமிழ் எழுத்தில் ஒற்றை மேற்கோளுக்குள் தரப்பட்டுள்ளன. டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில், இடைவெளிகளும் சிறுகோடுகளும் மாறாமல் தட்டச்சு செய்ய வேண்டும்.

குறைகள் எங்கிருந்து வருகின்றன

கிட்டில் இதுவரை வெளிப்பட்ட கடுமையான குறைகளில் பல ஒரே இடத்தைச் சுற்றியே அமைந்துள்ளன: பிறருடைய களஞ்சியத்தைக் குளோன் செய்யும் நேரம், அதாவது ஒரு திட்டத்தின் கோப்புகளையும் அதன் வரலாற்றையும் முழுமையாக நகலெடுக்கும் நேரம். ஒவ்வொரு களஞ்சியத்திலும் புள்ளியில் தொடங்கும் ‘.கிட்’ என்ற மறைவான கோப்புறை இருக்கும். அதற்குள் கன்ஃபிக் என்னும் அமைப்புக் கோப்பும், குறிப்பிட்ட செயல்களின்போது தானாக இயங்கும் ஹூக் எனப்படும் சிறு நிரல்களும் உள்ளன. இவை குளோன் செய்யும்போது மறுமுனையிலிருந்து வரக்கூடாது என்பதே கிட்டின் அடிப்படை விதி. தாக்குபவர்கள் முயல்வதெல்லாம் இந்த விதியைச் சுற்றிக்கொண்டு அக்கோப்புறைக்குள் எழுதுவதற்கே.

2014 டிசம்பரில் வெளிவந்த 2.2.1 பதிப்பு இதற்குத் தெளிவான சான்று. விண்டோஸ், மேக் ஆகியவற்றின் கோப்பு முறைமைகள் பெரிய எழுத்துக்கும் சிறிய எழுத்துக்கும் வேறுபாடு பார்ப்பதில்லை என்பதால், முதலெழுத்தைப் பெரிதாக்கி எழுதிய ‘.கிட்’ கோப்புறையைக் களஞ்சியத்துக்குள் வைத்து அனுப்பினால், அது உண்மையான கோப்புறையின் மேலேயே எழுதப்பட்டது. 2017 ஆகஸ்டில் வெளியான மற்றொரு குறையில், எஸ்எஸ்எச் முகவரியில் கணினிப் பெயர் இருக்க வேண்டிய இடத்தைச் சிறுகோட்டில் தொடங்கினால், அது முகவரியாக அல்லாமல் கட்டளை விருப்பமாகப் படிக்கப்பட்டது. அதே குறை மெர்க்கூரியல், சப்வெர்ஷன் ஆகிய போட்டி மென்பொருள்களிலும் இருந்ததால் மூன்றுக்கும் ஒரே வேளையில் திருத்தம் வந்தது. கிட்டைக் கைவிட்டு வேறொன்றுக்கு மாறினால் தொல்லை தீரும் என்ற எண்ணத்துக்கு இது போதிய மறுப்பு.

2025 ஜூலை 8 அன்று வெளியான திருத்தம் இன்னும் நுண்ணியது. கன்ஃபிக் கோப்பில் ஒரு மதிப்பை எழுதும்போது அதன் இறுதியில் உள்ள கேரேஜ் ரிட்டர்ன் என்னும் கண்ணுக்குத் தெரியாத குறியைக் கிட் மேற்கோளிட்டுக் காப்பாற்றவில்லை. மீண்டும் படிக்கும்போதோ அதை நீக்கிவிட்டது. எழுதிய பாதை ஒன்று, படித்த பாதை வேறொன்று என்றானதால், சப்மாட்யூல் எனப்படும் உள்களஞ்சியம் தவறான இடத்தில் விரிக்கப்பட்டு, அதிலிருந்த நிரல் ஹூக்காக இயங்க வாய்ப்பு ஏற்பட்டது. லினக்ஸ், மேக் கணினிகளைத் தாக்கிய இக்குறை நடைமுறையில் சுரண்டப்படுவதாக அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு முகமையான சிசா அதே ஆண்டு ஆகஸ்டில் தன் பட்டியலில் சேர்த்தது. திருத்தம் வெளியாகும் நாளிலேயே குறையின் விவரமும் வெளியாகிவிடுவதால், புதுப்பிப்பைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு வாரமும் தாக்குபவருக்கே உதவுகிறது.

முதற்பணி: நகல்களைக் கண்டறிதல்

1. டெர்மினலைத் திறந்து ‘கிட் --வெர்ஷன்’ என்ற கட்டளையைத் தந்து, வரும் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

2. லினக்ஸிலும் மேக்கிலும் ‘விச் -ஏ கிட்’ என்ற கட்டளை, தேடுபாதையில் உள்ள எல்லாக் கிட் நிரல்களின் இருப்பிடங்களையும் வரிசையாகக் காட்டும். மேலே இருப்பதே இயங்கும். விண்டோஸில் இதற்கு ‘வேர்.எக்ஸ்இ கிட்’ என்று தர வேண்டும். பவர்ஷெல்லில் ‘வேர்’ என்று மட்டும் தந்தால் அது வேறொரு கட்டளையைக் குறிக்கும் என்பதால் எக்ஸ்இ என்ற ஒட்டை விடலாகாது.

3. பட்டியலில் வராத நகல்களைத் தனியே தேட வேண்டும். கிட்ஹப் டெஸ்க்டாப், விசுவல் ஸ்டுடியோ ஆகியவை தமக்கெனத் தனிக் கிட்டைச் சுமந்து வருகின்றன. சோர்ஸ்ட்ரீயிலும் உள்ளமைந்த கிட்டைத் தேர்ந்தெடுக்கும் வசதி உண்டு. மாறாக விஎஸ் கோட், டார்டாய்ஸ்கிட் ஆகியவை கணினியில் நிறுவப்பட்ட கிட்டையே பயன்படுத்துவதால் அவற்றுக்குத் தனிப் பணி இல்லை.

4. விண்டோஸுக்குள் டபிள்யூஎஸ்எல் என்னும் லினக்ஸ் சூழலை வைத்திருப்போர், அதற்குள் சென்று முதல் இரண்டு படிகளையும் மீண்டும் செய்ய வேண்டும். அங்குள்ள கிட்டுக்கும் விண்டோஸின் கிட்டுக்கும் தொடர்பு இல்லை.

5. டாக்கர் படிமங்கள், தானியங்கிச் சோதனைகளை ஓட்டும் கணினிகள், அலுவலகச் சர்வர் ஆகியவற்றில் உள்ளவற்றையும் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

எக்லிப்ஸ் பயன்படுத்துவோர் ஒன்றைக் கூடுதலாக அறிந்திருக்க வேண்டும். அதிலுள்ள ஜேகிட் என்பது கிட்டின் நகல் அன்று. ஜாவாவில் புதிதாக எழுதப்பட்ட தனி மென்பொருள். கிட்டில் வரும் குறை அதில் இல்லாமலும் இருக்கலாம், அதற்கே உரிய குறைகளும் இருக்கலாம் என்பதால் அதன் அறிவிப்புகளைத் தனியாகவே கவனிக்க வேண்டும்.

பதிப்பு எண்ணைப் படிக்கும் முறை

கிட்டின் எண் 2.50.1 என்பதுபோல் மூன்று பகுதிகளைக் கொண்டது. நடு எண் புதிய வசதிகளோடு வரும் வெளியீட்டையும், கடைசி எண் அந்த வரிசையில் செய்யப்பட்ட திருத்தத்தையும் குறிக்கும். பாதுகாப்புத் திருத்தம் வரும்போது அண்மைய வரிசைக்கு மட்டுமன்றிப் பழைய சில வரிசைகளுக்கும் சேர்த்தே வெளியிடப்படுகிறது. 2025 ஜூலையில் 2.43.7, 2.44.4, 2.45.4, 2.46.4, 2.47.3, 2.48.2, 2.49.1, 2.50.1 என எட்டுப் பதிப்புகள் ஒரே நாளில் வந்தன. எனவே 2.50.0 என்ற எண்ணைக் கண்டு, 2.43.7-ஐவிடப் பெரிது என்று மன அமைதி கொள்வது பிழை; பின்னதில் திருத்தம் உண்டு, முன்னதில் இல்லை. எண்ணை அதே வரிசையின் திருத்திய எண்ணோடு மட்டுமே ஒப்பிட வேண்டும்.

லினக்ஸில் இந்த ஒப்பீடுகூடச் செல்லாது. உபுண்டு, டெபியன், ரெட் ஹேட் போன்ற விநியோகங்கள் ஒரு வெளியீட்டின் ஆயுள் முழுவதும் ஒரே கிட் பதிப்பை வைத்துக்கொண்டு, பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் அதற்குள் பின்னோக்கிப் பொருத்துகின்றன. உபுண்டு 22.04-ல் ‘கிட் --வெர்ஷன்’ எப்போதும் 2.34.1 என்றே சொல்லும், ஆனால் 2.35.2-ல் அறிமுகமான பாதுகாப்புச் சோதனை அதற்குள் சேர்க்கப்பட்டுள்ளது. மாறுவது பொதியின் முழுப் பெயரில் உபுண்டு என்ற சொல்லுக்குப் பின்வரும் எண் மட்டுமே. திருத்தம் சேர்ந்துள்ளதா என்பதைப் பின்வருமாறு உறுதி செய்யலாம்:

1. அறிவிப்பில் தரப்பட்டுள்ள சிவிஇ எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். சிவிஇ என்பது ஒவ்வொரு பாதுகாப்புக் குறைக்கும் உலகளவில் வழங்கப்படும் அடையாள எண். முன்பகுதியில் ஆண்டும் பின்பகுதியில் வரிசை எண்ணும் இருக்கும். மேலே சொன்ன 2025 ஜூலைக் குறை சிவிஇ-2025-48384 ஆகும்.

2. உபுண்டு, டெபியனில் ‘ஆப்ட் சேஞ்ச்லாக் கிட்’ என்றும், ரெட் ஹேட் வகைகளில் ‘ஆர்பிஎம் -க்யூ --சேஞ்ச்லாக் கிட்’ என்றும் தந்தால் பொதியின் மாற்றக் குறிப்புகள் திரையில் வரும்.

3. அதில் அந்த எண்ணைத் தேட வேண்டும். இருந்தால், பொதியின் அந்தப் பதிப்பே நிறுவப்பட்டுள்ளதா என்பதையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். உபுண்டுவின் கட்டளை கணினியில் உள்ளதற்குப் பதிலாக விநியோகத்தின் பொதிக் களஞ்சியத்தில் கிடைக்கும் புதிய பொதியின் குறிப்பைக் காட்டவும் கூடும்.

எண் பழையதாகத் தெரிகிறது என்ற ஒரே காரணத்துக்காக விநியோகத்தின் கிட்டை நீக்கிவிட்டு, மூல நிரலிலிருந்து தாமே தொகுத்து நிறுவுவோர் உண்டு. அன்றைக்கு அது புதியதாகவே இருக்கும். ஆனால் அடுத்த திருத்தம் முதல் அது தானாகப் புதுப்பிக்கப்படாது. உபுண்டுவின் தானியங்கிப் பாதுகாப்புப் புதுப்பிப்பு அதைத் தொடாது. தொடர்ந்து கவனிக்க ஆள் இல்லாத கணினியில் இந்த வழி தவிர்க்கத்தக்கது.

புதுப்பித்தல்

புதுப்பிக்கும்போது களஞ்சியங்கள் அழிந்துவிடுமோ என்ற அச்சம் தேவையற்றது. நிறுவும் செயல் நிரலை மட்டுமே மாற்றும், களஞ்சியங்களுக்குள் நுழையாது. பாதியில் நிற்கும் ரீபேஸ் அல்லது மெர்ஜ் இருந்தால் அதை முடித்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

விண்டோஸ்

1. கிட் பாஷ் சாளரங்கள், எடிட்டர் ஆகிய அனைத்தையும் மூட வேண்டும்; திறந்திருக்கும் கோப்புகளை நிறுவியால் மாற்ற இயலாது.

2. கமாண்ட் பிராம்ப்டில் ‘கிட் அப்டேட்-கிட்-ஃபார்-விண்டோஸ்’ என்று தர வேண்டும். விங்கெட் பயன்படுத்துவோர் ‘விங்கெட் அப்கிரேட் --ஐடி கிட்.கிட்’ என்று தரலாம்.

3. நிறுவி கேட்கும் கேள்விகளில், வரிமுடிவு பற்றிய தேர்வை முன்பிருந்தபடியே விட வேண்டும். அதை மாற்றினால் மறுநாள் எல்லாக் கோப்புகளும் மாற்றப்பட்டவையாகத் தோன்றிக் குழப்பும்.

4. புதிய சாளரத்தில் எண்ணைச் சரிபார்க்க வேண்டும்.

விண்டோஸ் 7, 8 ஆகியவற்றுக்கான ஆதரவு 2.46.2 பதிப்போடு நின்றுவிட்டது. அக்கணினிகளில் அறியாத களஞ்சியங்களைக் குளோன் செய்வதை நிறுத்துவதே தக்கது.

மேக்

மேக்கில் பெரும்பாலும் இரண்டு நகல்கள் இருக்கும்: ஆப்பிளின் கட்டளைவரிக் கருவிகளோடு வருவது ஒன்று, ஹோம்ப்ரூ வழியாக நிறுவியது மற்றொன்று. பதிப்பு எண்ணின் பின்னால் ‘ஆப்பிள் கிட்’ என்ற சொற்கள் தெரிந்தால் இயங்குவது முன்னது என்று பொருள்.

1. ஆப்பிளின் நகலுக்குச் சிஸ்டம் செட்டிங்ஸில் மென்பொருள் புதுப்பிப்பைப் பார்க்க வேண்டும். முழு எக்ஸ்கோட் நிறுவியிருந்தால் ஆப் ஸ்டோரில் அதைப் புதுப்பிக்க வேண்டும்.

2. ஹோம்ப்ரூ நகலுக்கு ‘ப்ரூ அப்டேட்’, பின்னர் ‘ப்ரூ அப்கிரேட் கிட்’ என்று தர வேண்டும்.

3. டெர்மினலை மூடித் திறந்தபின் ‘விச் -ஏ கிட்’ கட்டளையை மீண்டும் இயக்கி, ஹோம்ப்ரூ நகல் முதலில் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஆப்பிளின் திருத்தங்கள் கிட் திட்டத்தின் வெளியீட்டுக்குப் பின்தங்கி வருவது வழக்கமாதலால், அன்றாடப் பயன்பாட்டுக்கு ஹோம்ப்ரூ நகலே ஏற்றது.

லினக்ஸ்

1. உபுண்டு, டெபியனில் ‘சுடோ ஆப்ட் அப்டேட்’ என்று தர வேண்டும். இது பொதிகளின் பட்டியலை மட்டுமே புதுப்பிக்கும். பலர் இத்துடன் வேலை முடிந்ததாக எண்ணி நிறுத்திவிடுகின்றனர்.

2. தொடர்ந்து ‘சுடோ ஆப்ட் இன்ஸ்டால் --ஒன்லி-அப்கிரேட் கிட்’ என்று தர வேண்டும். ஃபெடோரா, ரெட் ஹேட் வகைகளில் ‘சுடோ டிஎன்எஃப் அப்கிரேட் கிட்’ ஒன்றே போதும்.

3. மேலே விளக்கியபடி மாற்றக் குறிப்பில் சிவிஇ எண்ணைச் சரிபார்க்க வேண்டும்.

விநியோகத்தின் ஆதரவுக் காலம் முடிந்திருந்தால் மேற்கண்ட கட்டளைகள் பிழையின்றி ஓடும், ஆனால் எதுவும் வந்து சேராது. உபுண்டு 20.04-இன் பொது ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்தது. அதன்பின் உபுண்டு ப்ரோவில் பதிவு செய்த கணினிகளுக்கே திருத்தங்கள் கிடைக்கின்றன.

டாக்கர் படிமத்துக்குள் இருக்கும் கிட், படிமம் உருவான நாளோடு உறைந்துவிடுகிறது. அதைப் புதிதாகக் கட்டும்போது ‘--நோ-கேஷ்’ விருப்பத்தைச் சேர்க்காவிடில், பழைய அடுக்கையே டாக்கர் மீண்டும் எடுத்துக்கொள்ளும். சர்வர்களைப் பொறுத்தவரை, கிட்லேப் தன் கிட்டைத் தானே கொண்டு வருவதால் கிட்லேப்பையே புதுப்பிக்க வேண்டும். கிட்டீ கணினியின் கிட்டைப் பயன்படுத்துவதால் இயங்குதளத்தைப் புதுப்பித்தால் போதும்.

புதுப்பித்தபின் தோன்றும் தடைகள்

பாதுகாப்புத் திருத்தம் என்பது முன்பு தாராளமாக விட்ட ஒன்றை இனித் தடுப்பது. எனவே நேற்றுவரை ஓடிய ஒரு கட்டளை இன்று மறுக்கப்படுவது எதிர்பார்க்க வேண்டியதே. அந்த நேரத்தில் எரிச்சலோடு செய்யும் மாற்றமே திருத்தத்தைப் பயனற்றதாக்குகிறது.

‘டூபியஸ் ஓனர்ஷிப்’ என்ற செய்தி. பலர் பகிரும் கணினியில் ஒருவர் மேல்நிலைக் கோப்புறையில் ‘.கிட்’ ஒன்றை வைத்து, மற்றவர் கட்டளை இடும்போது தன் அமைப்புகளைத் திணிக்க முடிந்த குறை 2022 ஏப்ரலில் 2.35.2 பதிப்பில் அடைக்கப்பட்டது. அதுமுதல், வேறொருவருக்கு உரிமையான களஞ்சியத்தில் கிட் இயங்க மறுக்கிறது. தீர்க்கும் வரிசை வருமாறு:

1. கோப்புறை யாருடையது என்று முதலில் பார்க்க வேண்டும். தவறுதலாக ரூட் உரிமையில் உருவாகியிருந்தால் ‘சௌன்’ கட்டளையால் உரிமையைத் திருத்துவதே சரியான தீர்வு.

2. உரிமை வேறொருவரிடம் இருப்பது தேவையானதே என்றால், ‘சேஃப்.டைரக்டரி’ அமைப்பில் அந்த ஒரு கோப்புறையின் முழுப் பாதையை மட்டும் சேர்க்க வேண்டும்.

3. பாதைக்குப் பதிலாக உடுக்குறி இடலாகாது. அது கணினி முழுவதும் இச்சோதனையை அணைத்துவிடும். விரைவுத் தீர்வாகப் பல இடங்களில் பரிந்துரைக்கப்படுவது இதுவே என்பதால் எச்சரிக்கை தேவை.

‘டிரான்ஸ்போர்ட் ஃபைல் நாட் அலவ்ட்’ என்ற செய்தி. 2022 அக்டோபரில் வந்த 2.38.1 முதல், தன் கணினிக் கோப்புறையையே முகவரியாகக் கொண்ட சப்மாட்யூல்களை எடுப்பது இயல்பாகத் தடுக்கப்பட்டுள்ளது. தன் சொந்தச் சோதனைக்கு இது தேவைப்பட்டால், ‘புரோட்டோகால்.ஃபைல்.அலவ்’ அமைப்பை ‘-சி’ விருப்பத்தின் வழியாக அந்த ஒரு கட்டளைக்கு மட்டும் தளர்த்த வேண்டும்; குளோபல் அமைப்பில் நிலையாக எழுதிவைக்கலாகாது.

திருத்தமே தவறிய நேரமும் உண்டு. 2024 மே மாதம் 2.45.1-இல் சேர்த்த கூடுதல் தடைகள், பெரிய கோப்புகளைக் கையாளும் கிட் எல்எஃப்எஸ் துணைக்கருவியை முடக்கியதால், அம்மாத இறுதியில் 2.45.2 வெளியிடப்பட்டு அத்தடைகள் விலக்கப்பட்டன. இத்தகைய சூழலில் பழைய பதிப்புக்குப் பின்வாங்குவதைவிட அடுத்த சிறு வெளியீட்டுக்குச் சில நாள் பொறுப்பது மேல்.

உடனே புதுப்பிக்க இயலாதபோது

1. ‘--ரிகர்ஸ்-சப்மாட்யூல்ஸ்’ விருப்பமின்றி வெறும் குளோன் மட்டும் செய்ய வேண்டும். பல தாக்குதல்களுக்குச் சப்மாட்யூலே வாயில்.

2. வந்த கோப்புகளில் ‘.கிட்மாட்யூல்ஸ்’ கோப்பைத் திறந்து பாதைகளையும் முகவரிகளையும் பார்க்க வேண்டும். இரு புள்ளிகள், தொடக்கத்தில் சிறுகோடு, அறியாத முகவரி ஆகியவை ஐயத்துக்குரியவை. கண்ணுக்குத் தெரியாத குறிகளை இப்பார்வை பிடிக்காது என்பதால் இது முழுக் காப்பு ஆகாது.

3. ‘கோர்.சிம்லிங்க்ஸ்’ அமைப்பைக் குளோபலாக ‘ஃபால்ஸ்’ என்று மாற்றினால், ஒரு கோப்பு வேறிடத்தைச் சுட்டும் குறியீட்டு இணைப்புகள் உருவாகா. 2021 மார்ச், 2024 மே மாதக் குறைகளுக்குக் கிட் திட்டத்தாரே பரிந்துரைத்த தற்காலிக வழி இது. புதுப்பித்ததும் பழைய மதிப்புக்குத் திருப்ப வேண்டும்.

புதுப்பிப்பால் தீராதவை

எந்தப் பதிப்பாலும் தடுக்கப்படாத ஒரு வழி உண்டு. குளோன் செய்யும்போது கன்ஃபிக்கும் ஹூக்கும் வருவதில்லை. ஆனால் ஒரு களஞ்சியத்தை அப்படியே ஜிப் கோப்பாகவோ பென்டிரைவிலோ பெற்றால் ‘.கிட்’ கோப்புறை உள்ளபடியே வந்துவிடும். அதற்குள் நின்று ‘கிட் ஸ்டேட்டஸ்’ என்று கேட்பதுகூட, கன்ஃபிக்கில் எழுதப்பட்டுள்ள அயல்நிரலை இயக்கக்கூடும். கிட்டின் கையேடே இதை எச்சரிக்கிறது. வரலாறு தேவையில்லையெனில், அவ்வாறு வந்த கோப்புறையில் முதலில் ‘.கிட்’ கோப்புறையை நீக்கிவிட வேண்டும். வரலாறு தேவையெனில் வெளியே நின்று ‘கிட் குளோன் --நோ-லோக்கல்’ கட்டளையால் தூய நகல் எடுத்து, மூலத்தைத் தொடாமல் விட வேண்டும்.

ஏற்கெனவே நிகழ்ந்த ஊடுருவலையும் புதுப்பிப்பு நீக்காது. பழைய பதிப்பில் ஐயத்துக்குரிய களஞ்சியத்தைக் குளோன் செய்திருந்தால்:

1. அந்தக் களஞ்சியத்துக்கு வெளியே, வீட்டுக் கோப்புறையிலிருந்து ‘கிட் கன்ஃபிக் --லிஸ்ட் --ஷோ-ஆரிஜின்’ கட்டளையை இயக்கி, ‘கோர்.ஹூக்ஸ்பாத்’, ‘கோர்.எஸ்எஸ்எச்கமாண்ட்’, ‘கோர்.எஃப்எஸ்மானிட்டர்’, ‘கிரெடென்ஷியல்.ஹெல்பர்’ ஆகியவற்றில் தாம் எழுதாதது எதுவும் உள்ளதா என்று பார்க்க வேண்டும். வியப்புக்குறியில் தொடங்கும் ஆலியாஸ்களும் நிரல்களை இயக்குபவை.

2. களஞ்சியத்தின் ஹூக்ஸ் கோப்புறையை எடிட்டரில் திறக்காமல் கோப்பு உலாவியில் காண வேண்டும். ‘.சாம்பிள்’ என்று முடிபவை இயங்காத மாதிரிகள். அந்த ஒட்டு இல்லாத கோப்புகளே கவனத்துக்குரியவை.

3. அயல்நிரல் இயங்கியிருப்பதாகத் தெரிந்தால், அக்கணினியில் இருந்த எஸ்எஸ்எச் சாவிகளையும் அணுகல் டோக்கன்களையும் செல்லாதவையாக்கி, புதியவற்றை வேறொரு கணினியிலிருந்து உருவாக்க வேண்டும். ஊடுருவப்பட்ட கணினியிலேயே அமர்ந்து உருவாக்கும் புதிய சாவி, பழைய சாவி சென்ற கைக்கே செல்லும்.